மேல்நிலை மாணவர்களுக்கு முன்னாள் மாணவர் வழிகாட்டுதல்: ஒரு பள்ளியில் தொடங்கி ஒரு வருடம் நிலைக்க வைப்பது எப்படி

பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருடங்களில் ஒரு பையனோ பெண்ணோ எடுக்க வேண்டிய முடிவுகள் ஏராளம், அதற்குக் கையில் கிடைக்கிற தகவலோ சொற்பம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எப்போது விண்ணப்பிக்க வேண்டும், பணத்துக்கு என்ன வழி, வீட்டில் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் வந்து நிற்கும். இதே கேள்விகளோடு இரண்டு மூன்று வருடம் முன்பு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, எப்படியோ கடந்து போன ஒரு அண்ணனோ அக்காவோ சொன்னால் அது மனதில் ஏறுகிற விதமே வேறு.

ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் முன்னாள் மாணவர்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? வருடத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம், பெரிய பதவியில் இருக்கும் ஒருவர், ஒரு மணி நேரப் பேச்சு, கைதட்டல், குழுப் புகைப்படம். அன்றைக்கு மாணவர்களுக்கு உற்சாகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் விண்ணப்பப் படிவத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒரு பெட்டியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அந்தப் பேச்சால் ஒரு பயனும் இல்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பள்ளிகளில் ஸ்காட் கேரல், புரூஸ் சாசர்டோட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் பள்ளிக்கே வந்து, இறுதியாண்டு மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விண்ணப்பம் முடியும்வரை கூட இருந்தபோது, மாணவிகள் கல்லூரியில் சேரும் விகிதம் 15 சதவீதப் புள்ளிகள் கூடியது. பையன்களிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. தகவலை மட்டும் கொடுத்த முயற்சியும், பணத்தை மட்டும் ஊக்கமாகக் கொடுத்த முயற்சியும் பலன் தரவில்லை. கூடவே உட்கார ஆள் இருப்பதுதான் வேலை செய்திருக்கிறது. கீழே சொல்கிற எல்லாப் படிகளும் அந்த ஒரு விஷயத்தை ஒரு பள்ளியில் நடக்க வைப்பதற்காகத்தான்.

படி 1: இரண்டு பேர் பொறுப்பெடுக்க வேண்டும்

பள்ளியின் உள்ளே ஒரு ஆசிரியர், வெளியே ஒரு முன்னாள் மாணவர். இவர்கள்தான் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்கள். இந்த இரண்டு பேரும் பெயரோடு பொறுப்பில் இல்லாமல் எதையும் அறிவிக்காதீர்கள். "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆசிரியருக்கு இந்த வேலைக்கென்று வாரம் இரண்டு மணி நேரமாவது தலைமை ஆசிரியர் ஒதுக்கித் தர வேண்டும். ஏற்கெனவே வேலைப்பளுவில் இருப்பவர் தலையில் கூடுதலாக ஏற்றினால் முதல் தேர்வு நெருங்கும்போதே திட்டம் நின்றுவிடும்.

தலைமை ஆசிரியரிடம் போகும்போது ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். யாருக்காக, எத்தனை மாணவர்கள், எங்கே சந்திப்பு, யார் பொறுப்பு, குழந்தைப் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு, இவ்வளவு போதும். முதல் வருடம் 20 மாணவர்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "எல்லா மாணவர்களுக்கும்" என்று ஆரம்பிக்க ஆசை வரும், கேட்கவும் நியாயமாக இருக்கும். ஆனால் பாதியில் கைவிடப்படும் மாணவருக்கு அது வெறும் ஏமாற்றத்தோடு முடிவதில்லை. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டியோடு ஒரு வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்தவர்களிடம் தன்மதிப்பே முன்பைவிடக் குறைந்திருந்தது. அதாவது அரைகுறையாக நடத்துவது, நடத்தாமல் இருப்பதைவிட மோசம். 20 பேருக்கு ஒரு வருடம் முழுக்க நடத்த முடிந்தால் அடுத்த வருடம் 40 ஆக்கலாம்.

படி 2: முதலில் மாணவர்களைக் கேளுங்கள்

முன்னாள் மாணவர்களைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பெயர் எழுதாத ஒரு தாள், நான்கு கேள்விகள். பள்ளி முடிந்ததும் என்ன செய்யலாம் என்று இப்போது நினைக்கிறாய்? அதைப் பற்றி உனக்குத் தெரியாதது என்ன? யாரிடமும் கேட்க முடியாமல் இருப்பது எது? உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் ஒருவர் கிடைத்தால் முதலில் எதைக் கேட்பாய்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். அப்பாவுக்குப் பிடிக்காத படிப்பு, விடுதியில் தங்கும் பயம், ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் புரியுமா என்ற தயக்கம், எடுத்த பிரிவே தப்போ என்ற சந்தேகம், ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டுப் படிக்கலாமா என்ற யோசனை, இதெல்லாம் வகுப்பில் கை தூக்கிக் கேட்கிற கேள்விகள் இல்லை. எந்த மாதிரி முன்னாள் மாணவர்களைத் தேட வேண்டும் என்பதை இந்தத் தாள்களை வைத்தே முடிவு செய்யலாம். பாதிப் பேர் தொழிற்பயிற்சி பற்றிக் கேட்டிருக்கும்போது பொறியாளர்களையே வரிசையாகக் கூப்பிட்டுப் பயனில்லை.

படி 3: சரியான முன்னாள் மாணவர்கள்

பள்ளி முடித்து இரண்டிலிருந்து ஆறு வருடம் ஆனவர்கள்தான் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். விண்ணப்பம், சேர்க்கை, முதல் செமஸ்டர் என்று எல்லாமே அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. 25 வருடம் முன்பு படித்தவருக்கு அனுபவம் உண்டு, தொடர்புகள் உண்டு, ஆனால் இன்றைய சேர்க்கை முறை தெரியாது. அவரை வேறு விதத்தில் பயன்படுத்தலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பழைய எண்களில் பாதி வேலை செய்யாது. ஒவ்வொரு வருட வகுப்பிலும் எல்லோரோடும் தொடர்பில் இருக்கும் ஒருவர் இருப்பார், வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் பெரும்பாலும் அவர்தான். அந்த ஐந்தாறு பேரை முதலில் பிடியுங்கள். பழைய வகுப்பாசிரியர்களிடமும் கேளுங்கள், அவர்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர்கள் மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பிடித்த பெயர்களாக மட்டும் இருக்காது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பொதுவாக அழைப்பு விட்டால் தன் வாழ்க்கை நன்றாகப் போகிறது என்று நினைப்பவர்கள்தான் முன்வருவார்கள். மற்றவர்கள் "நான் வந்து என்ன சொல்லப்போகிறேன்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். படிப்பை நடுவில் மாற்றியவர், முதல் முயற்சியில் இடம் கிடைக்காதவர், டிப்ளமோ படித்துவிட்டு வேலைக்குப் போனவர், செவிலியர், சொந்தமாகத் தொழில் செய்பவர், ஒரு வருடம் விட்டுப் படித்தவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் என்று இவர்களையெல்லாம் நீங்களே தேடிப்போய்க் கேட்டால்தான் வருவார்கள். கேட்க வேண்டும். ஒரு மாணவர் தன்னைப் போன்ற ஒருவரைப் பார்க்காத திட்டத்தில் அவர் இரண்டாவது சந்திப்புக்கே வர மாட்டார்.

"உங்கள் பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் சரி என்பார்கள், யாரும் வர மாட்டார்கள். வேலையின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம், நம் பள்ளியிலிருந்து எழுதுகிறேன். மேல்நிலை மாணவர்கள் ஐந்து பேர் உள்ள ஒரு குழுவுக்கு, இன்னொரு முன்னாள் மாணவரோடு சேர்ந்து, மாதம் இரண்டு முறை ஒரு மணி நேரம், பன்னிரண்டு மாதத்துக்கு ஒதுக்க முடியுமா? பெரிய பதவியோ பேச்சுத் திறமையோ தேவையில்லை. நீங்கள் விண்ணப்பித்த, சேர்ந்த, தடுமாறிய அனுபவம் போதும். ஒரு வருடம் முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், ஒரே ஒரு தொலைபேசி உரையாடலில் முடிகிற உதவியும் இருக்கிறது."

கடைசி வரி முக்கியம். முடியாது என்று சொல்ல வழி இருக்கும்போதுதான், முடியும் என்று சொல்பவரை நம்ப முடியும்.

படி 4: பாதுகாப்பு விதிகள்

யாரும் விரும்பிப் படிக்காத பகுதி, ஆனால் இது இல்லாமல் ஒரு சந்திப்பு கூட நடக்கக் கூடாது. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. மேல்நிலை மாணவர்களில் பெரும்பாலானோர் அந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். 22 வயது முன்னாள் மாணவருக்கும் 17 வயது மாணவிக்கும் இடையே ஐந்து வருடம்தான் வித்தியாசம், ஆனால் சட்டத்தின் பார்வையில் ஒருவர் பெரியவர், இன்னொருவர் குழந்தை. வயது நெருக்கம் இந்தத் திட்டத்தின் பலம், அதே நெருக்கம்தான் எல்லைக்கோட்டை மங்கவும் வைக்கும்.

வருபவர் உண்மையிலேயே இந்தப் பள்ளியில் படித்தவரா என்று பதிவேட்டில் சரிபாருங்கள். அவரைத் தெரிந்த இரண்டு பேரிடம் பேசுங்கள், அதில் ஒருவர் அவருடைய நண்பராக இருக்கக் கூடாது. உங்கள் நாட்டில் காவல்துறை சரிபார்ப்புச் சான்று வாங்க முடியுமென்றால் வாங்குங்கள். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம், பொறுப்பானவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

சந்திப்பு பள்ளி வளாகத்தில், கதவு திறந்த அறையில், வேறு பெரியவர் பார்க்கக்கூடிய இடத்தில் மட்டும். வழிகாட்டியும் மாணவரும் தனியாகச் சந்திப்பதில்லை. தனிப்பட்ட குறுஞ்செய்திகள் இல்லை, ஒருங்கிணைப்பாளர் இருக்கும் குழுவில்தான் எல்லாம், இரவு 9 மணிக்கு மேல் யாரும் யாருக்கும் எழுதுவதில்லை. ஆன்லைன் சந்திப்பிலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். பணம் கொடுப்பது, வாங்குவது, பரிசு, வண்டியில் கொண்டுபோய் விடுவது, மாணவர் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுவது எல்லாம் கூடாது. தான் வேலை செய்யும் பயிற்சி மையத்தையோ கல்லூரியையோ விற்க வருபவருக்கு இடமில்லை. கட்சி, மதப் பிரசாரமும் இல்லை.

இன்னொன்றை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒரு மாணவர் "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்தால், வழிகாட்டி அந்த வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது. "நீ சொல்வதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து என்று தோன்றினால் பொறுப்பு ஆசிரியரிடம் மட்டும் சொல்லியாக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அடி, பாலியல் துன்புறுத்தல், கட்டாயத் திருமணம், சாக வேண்டும் என்ற பேச்சு எது வந்தாலும் அன்றைக்கே ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. அந்த நேரத்தில் மாணவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது. வழிகாட்டி ஆலோசகரோ மருத்துவரோ இல்லை, கேட்டுக்கொண்டு சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அவர் வேலை முடிகிறது. எந்த எண்ணுக்கு, யாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஒவ்வொரு வழிகாட்டியின் கைபேசியிலும் இருக்கட்டும். இந்தத் திட்டத்தில் தங்களுக்கே சங்கடம் வந்தால் யாரிடம் போவது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், அதற்கு ஒருங்கிணைப்பாளர் தவிர இன்னொருவர் பெயரும் கொடுங்கள்.

படி 5: வழிகாட்டிகளுக்கு அரை நாள் பயிற்சி

அரை நாள் போதும், ஆனால் விலக்கு யாருக்கும் இல்லை. முதல் ஒரு மணி நேரம் மேலே சொன்ன விதிகளுக்கு. மீதி நேரம் முழுக்கக் கேட்பதற்கான பயிற்சி, ஏனென்றால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அறிவுரை சொல்ல வரும், கேட்க வராது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் மாணவராகவும் ஒருவர் வழிகாட்டியாகவும் பேச, மூன்றாமவர் கவனிக்கட்டும். "எனக்கு எதிலும் ஆர்வம் இல்லை" என்று சொல்லும் மாணவர், "அப்பா சொன்னதைத்தான் படிக்கப் போகிறேன்" என்று சொல்லும் மாணவி, கேட்டதற்கெல்லாம் ம் மட்டும் போடுபவர், இந்த மூன்று சூழலையும் நடித்துப் பார்த்தாலே பாதி பயிற்சி முடிந்தது.

சில கேள்விகளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இந்த மாதம் எந்த வேலை தள்ளிக்கொண்டே போனது? நீ சொல்லும் படிப்பில் ஒரு சாதாரண வகுப்பு நாள் எப்படிப் போகும் என்று தெரியுமா? இந்த முடிவை யாரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது? இது கிடைக்காவிட்டால் உனக்குப் பிடித்த இரண்டாவது வழி எது? "உன் லட்சியம் என்ன" என்ற கேள்வியை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். பதினாறு வயதில் பதில் இல்லாமல் இருப்பது இயல்பு, ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் ஏதோ ஒரு பதிலைக் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

படிப்பு முறை பற்றிப் பேச்சு வந்தால் "நான் விடிய விடியப் படித்தேன்" என்ற கதைகள் வேண்டாம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நினைவில் நிற்க உதவுகிறது என்பதையும் ரோடிகர், கார்பிக் இருவரின் 2006 ஆய்வு தெளிவாகவே காட்டியது. வழிகாட்டி டியூஷன் எடுக்க வேண்டாம், இந்த மாதிரி முறையைச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

படி 6: யாரை யாரோடு சேர்ப்பது

ஒருவருக்கு ஒருவர் என்ற முறையைவிட, இரண்டு வழிகாட்டிகளும் ஐந்து மாணவர்களும் கொண்ட சிறு குழுவையே நான் சிபாரிசு செய்வேன். பாதுகாப்புக்கு நல்லது, ஒரு வழிகாட்டிக்கு வேலை வந்து ஒருநாள் வர முடியாமல் போனாலும் சந்திப்பு நிற்காது, பேசத் தயங்கும் மாணவர் மற்றவர்கள் கேட்பதிலிருந்து கற்றுக்கொள்வார். இருவரும் ஒரே துறையாக இருக்க வேண்டாம்.

சேர்ப்பதற்கு எதை அளவாக வைப்பது? டேவிட் டுபோயும் சக ஆய்வாளர்களும் 2011-ல் 73 வழிகாட்டுத் திட்ட மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆர்வங்கள் ஒத்துப்போகிறவர்களை இணைத்த திட்டங்களில் பலன் கூடுதலாக இருந்தது. எனவே மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்காதீர்கள், ஆர்வத்தையும் வீட்டுச் சூழலையும் பாருங்கள். மாணவிகள் குழுவில் ஒரு பெண் வழிகாட்டியாவது இருப்பது பேச்சை எளிதாக்கும். வழிகாட்டிகளைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஐந்து வரி எழுதி ஒட்டி, மாணவர்களை முதல் மூன்று விருப்பங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். முழுதாக நிறைவேற்ற முடியாது, ஆனாலும் கேட்பதே பெரிய வித்தியாசம்.

படி 7: முதல் சந்திப்பு

மாணவர்கள் பேச மாட்டார்கள். அதனால் வழிகாட்டிகள் தங்கள் கதையை ஆளுக்குப் பத்து நிமிடம் சொல்லட்டும், வெற்றிகளோடு தவறிய விண்ணப்பம், கிடைக்காத இடம், முதல் செமஸ்டரில் பின்தங்கியது எல்லாம் சேர்த்து. பிறகு தாளில் எழுதிப் போட்ட கேள்விகளை எடுத்துப் படித்துப் பதில் சொல்லட்டும். அடுத்த சந்திப்புக்கான தேதியை அங்கேயே குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மாணவரும் அதற்குள் முடிக்கும் ஒரு சின்ன வேலையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு கல்லூரியின் சேர்க்கைத் தகுதியைப் பார்த்து வருவது, வீட்டில் வருமானச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வருவது, அந்த அளவுதான்.

படி 8: வருடம் முழுக்க என்ன செய்வது

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுகின்றன. சந்திப்புகள் நடக்கும், "எப்படிப் படிக்கிறாய்" "நன்றாகப் படிக்கிறேன்" என்று முடியும், மூன்றாவது மாதம் கூட்டம் கரைந்துவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்கிச் சில வாரங்களிலேயே ஆரம்பித்தால் நல்லது. முதல் மூன்று மாதம் வழிகளைப் பார்ப்பதற்கு. ஒவ்வொரு மாணவரும் மூன்று படிப்புகளையோ வேலைகளையோ எடுத்து, அதில் இருக்கும் ஒருவரோடு இருபது நிமிடம் பேச வேண்டும். படி 3-ல் சொன்ன மூத்த முன்னாள் மாணவர்களின் இடம் இதுதான். ஒரு வருடம் ஒதுக்க முடியாதவர்கள் எல்லோரையும் துறைவாரியாக ஒரு பட்டியலில் வையுங்கள், மாணவர் கேட்கும்போது வழிகாட்டியே பேச்சை ஏற்பாடு செய்து கூட இருக்கட்டும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6, மிக அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதிய செய்தி தள்ளி இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகாத ஒரு மாணவருக்கு அப்படித் தள்ளி இருக்கும் தொடர்புகளே கிடையாது. அதைக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் பல சமயம் பள்ளிதான்.

அடுத்த மூன்று மாதத்தில் பட்டியல் சுருங்க வேண்டும். ஒரு தாளில் விருப்பம், தகுதி, கடைசித் தேதி, முழுச் செலவு, உதவித்தொகை என்று ஐந்து நெடுவரிசை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். முழுச் செலவு என்றால் கல்விக் கட்டணத்தோடு விடுதி, பயணம், புத்தகம், கணினி எல்லாம். எளிதில் இடம் கிடைக்கக்கூடிய ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும், அது மாணவருக்கு மனதாரப் பிடித்ததாகவும் இருக்க வேண்டும்.

விண்ணப்பக் காலம் வரும்போது சந்திப்பின் வடிவத்தையே மாற்றிவிடுங்கள். பேச்சு வேண்டாம். பள்ளிக் கணினி அறையை ஒரு விடுமுறை நாளில் திறந்து, எல்லா மாணவர்களும் எல்லா வழிகாட்டிகளும் உட்கார்ந்து விண்ணப்பங்களை அங்கேயே முடித்து அனுப்பிவிட்டு எழுந்திருப்பது. முந்தைய வாரமே என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். சான்றுகளின் நகல், புகைப்படம், வங்கிக் கணக்கு, பெற்றோர் கையெழுத்து. பெயரின் எழுத்துகள் எல்லாச் சான்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்தம் வாங்க வாரக்கணக்கில் ஆகும். கடவுச்சொல்லை மாணவரே தன் நோட்டில் எழுதி வைக்க வேண்டும், வழிகாட்டி தெரிந்துகொள்ளக் கூடாது. படிவத்தை நிரப்பும் கையும் மாணவருடையதாகவே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் சுட்டிக்காட்டலாம், விசைப்பலகையை வாங்கிக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு நாளை ஒழுங்காக நடத்தினால், மீதி வருடம் சுமாராகப் போயிருந்தாலும் திட்டம் பயன்பட்டதாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

தேர்வு நெருங்கும் மாதங்களில் சந்திப்பைக் குறைத்து, வாரம் ஒரு குழுச் செய்தியோடு விட்டுவிடுங்கள்.

தேர்வு முடிந்ததும் எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள், திட்டமும் அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். தயவுசெய்து முடிக்காதீர்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும் ஆராய்ந்தபோது, கல்லூரியில் சேரப் போவதாகச் சொன்ன மாணவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர், பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும் அந்த இடைவெளி மாதங்களில் சேராமலே விடுபட்டுப் போயிருந்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். இடம் கிடைத்திருக்கும், ஆனால் ஒரு கட்டணத் தேதி, ஒரு மருத்துவச் சான்று, புரியாத ஒரு கடிதம் என்று ஏதோ ஒன்றில் மாட்டிக்கொள்வார்கள். அப்போது பள்ளி ஆசிரியருக்கு அந்த மாணவர் பொறுப்பில் இல்லை, கல்லூரிக்கு இன்னும் அவர் மாணவர் இல்லை. இடையில் கேட்க ஒரு ஆள் வேண்டும். அதனால் பன்னிரண்டு மாதக் கணக்கை, கல்லூரி திறந்து முதல் மாதம் முடியும்வரை வருமாறு போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அமெரிக்காவில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கல்வி நிதியுதவி விண்ணப்பம் பற்றி நினைவூட்டல்கள் அனுப்பியும் கல்லூரிச் சேர்க்கை கூடவில்லை. முகம் தெரியாத இடத்திலிருந்து வரும் செய்தியை யாரும் பொருட்படுத்துவதில்லை. மாணவருக்குத் தெரிந்த அக்கா ஒருத்தி "கட்டணம் கட்டிட்டியா?" என்று கேட்டால் பதில் வரும்.

படி 9: பெற்றோர்

தொடங்கும்போதே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், விதிகளின் ஒரு நகலையும் கொடுங்கள். அதோடு வருடத்தில் இரண்டு முறையாவது அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வழிகாட்டிகளோடு பேச வையுங்கள். வெளியூர்ப் படிப்புக்கு மகளை அனுப்பப் பயப்படும் ஒரு அம்மாவிடம் ஆசிரியர் சொல்வதைவிட, அதே விடுதியில் தங்கிப் படித்த பெண் வந்து அங்கே எப்படி இருக்கும் என்று சொல்வது எடுபடும். ஆனால் வழிகாட்டி குடும்பத்துக்கு எதிராக மாணவர் பக்கம் நின்று வாதாடக் கூடாது. செலவு, பாதுகாப்பு, வேலை வாய்ப்பு என்று பெற்றோரின் கவலையைக் கேட்டு, தெரிந்த தகவலைச் சொல்லலாம், முடிவு அந்த வீட்டில் நடக்கட்டும்.

படி 10: நடுவில் தொய்வு வரும்போது

நிச்சயம் வரும். மாணவர் இரண்டு சந்திப்புக்கு வரவில்லை என்றால், ஆர்வமில்லை என்று முடிவு கட்டாமல் ஆசிரியர் ஒருமுறை தனியாக விசாரிக்கட்டும். பேருந்து நேரம், வீட்டு வேலை, பகுதிநேர வேலை, குழுவில் யாரோடோ மனஸ்தாபம், இந்த மாதிரிக் காரணங்கள்தான் பெரும்பாலும். வழிகாட்டி காணாமல் போனால் ஒருங்கிணைப்பாளர் ஒரு வாரத்துக்குள் கூப்பிட வேண்டும். வேலை மாறியது, ஊர் மாறியது என்றால் ஆன்லைனில் தொடர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அவர் கடைசியாக ஒரு சந்திப்புக்கு வந்து காரணத்தைச் சொல்லி விடைபெற்றுப் போக வேண்டும், சொல்லாமல் விலகுவதுதான் மாணவரைக் காயப்படுத்துகிறது. கூடவே இருந்த இன்னொரு வழிகாட்டி குழுவைத் தொடர்வார். அதோடு தயாராக இரண்டு மாற்று வழிகாட்டிகளைப் பயிற்சி கொடுத்து வைத்திருங்கள்.

வழிகாட்டிகளுக்கும் பேச ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் அவர்கள் மட்டும் சந்தித்து, மாணவர் பெயர் வெளியே போகாமல், எங்கே திணறுகிறோம் என்று பேசிக்கொண்டால் பாதிப் பேர் விலகாமல் இருப்பார்கள்.

படி 11: பலனைப் பார்ப்பது, அடுத்தவரிடம் ஒப்படைப்பது

எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு பெரிதாக எதையும் சொல்லாது. எத்தனை மாணவர்கள் கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பித்தார்கள், தகுதி இருந்தவர்களில் எத்தனை பேர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை குழுக்கள் பன்னிரண்டு மாதமும் நின்றன, கல்லூரியோ பயிற்சியோ வேலையோ தேர்ந்தெடுத்த இடத்தில் மூன்று மாதம் கழித்தும் எத்தனை பேர் இருக்கிறார்கள், இந்த நான்கையும் எழுதி வையுங்கள். திட்டத்தில் இல்லாத மாணவர்களின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், சேர விரும்பி வந்தவர்கள் முதலிலிருந்தே கொஞ்சம் முனைப்பானவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒவ்வொரு குழுவிலும் சேர்க்கையில் மாட்டிக்கொண்ட இடங்களை வழிகாட்டிகள் எழுதித் தரட்டும். எந்தச் சான்று எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் எடுத்தது, எந்தப் படிவத்தில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள் என்று. அதை ஒரே கோப்பில் சேர்த்து பள்ளியிலேயே வையுங்கள், ஒருங்கிணைப்பாளர் மாறினாலும் கோப்பு மாறாது. பள்ளி முடித்துப் போகும் மாணவர்களிடம் கடைசி நாளில், வீட்டுத் தொலைபேசி எண்ணோடு மாறாத ஒரு மின்னஞ்சலும் வாங்கிவிடுங்கள், "இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டால் வருவாயா" என்று கேட்டு ஆம் என்பவர்களின் பெயருக்கு நேரே அந்த வருடத்தையும் எழுதி வையுங்கள். அப்புறம் அந்த வருடம் வந்ததும் மறக்காமல் கூப்பிடுங்கள்.